பிரஷர் 140-ஐத் தாண்டினால்: இப்போதே மாத்திரையா, மூன்று மாத அவகாசமா?

மாஸ்டர் ஹெல்த் செக்கப் ரிப்போர்ட்டில் 144/92 என்று வந்திருக்கிறது. தலைவலி இல்லை, மயக்கம் இல்லை, வேலைக்குப் போய்வருவதில் ஒரு சிரமமும் இல்லை. ஒரு டாக்டர், "இப்பவே அம்லோடிபின் 5 ஆரம்பிச்சிடுங்க" என்கிறார். இன்னொருவர், "உப்பைக் குறைங்க, நடங்க, மூணு மாசம் கழிச்சு வாங்க" என்கிறார். வீட்டில் ஒரு குரல், "மாத்திரையைத் தொட்டா ஆயுசுக்கும் விட முடியாது" என்கிறது. நாற்பதைத் தாண்டிய பலர் இந்த மூன்றுக்கும் நடுவில் நின்று, கடைசியில் எதையும் செய்யாமல் அடுத்த வருடச் செக்கப்புக்குப் போய்விடுகிறார்கள். நான் பார்த்தவரை, இருக்கிற வழிகளிலேயே மோசமானது அதுதான்.

இங்கே நான் பேசுவது மேல் எண் 140 முதல் 159 வரை, அல்லது கீழ் எண் 90 முதல் 99 வரை இருப்பவர்களைப் பற்றி மட்டும். 160/100-க்கு மேல் தொடர்ந்து இருந்தால் விவாதத்துக்கு இடமில்லை, மாத்திரை வேண்டும். 180/120-ஐத் தாண்டி நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், பேச்சுக் குழறல், கை கால் மரத்துப்போதல் இவற்றில் ஏதாவது ஒன்று சேர்ந்தாலே 108-ஐக் கூப்பிட வேண்டியதுதான். கர்ப்பிணிகளுக்கு இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது. அவர்கள் 140/90 என்று பார்த்த அன்றே மகப்பேறு மருத்துவரிடம் போய்விட வேண்டும்.

அந்த இரண்டு டாக்டர்களில் யாரும் தவறாகச் சொல்லவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் 2021 வழிகாட்டுதல், 140/90 என்று உறுதியானால் மருந்தைத் தொடங்கச் சொல்கிறது. அதற்கு முந்தைய ஆண்டு, 2020-இல் சர்வதேச உயர் ரத்த அழுத்தச் சங்கம் வெளியிட்ட வழிகாட்டுதல், வேறு ஆபத்து இல்லாதவர்களுக்கு 3 முதல் 6 மாதம் வாழ்க்கைமுறை மாற்றம், குறையாவிட்டால் மருந்து என்கிறது. அமெரிக்க இதயநோய் அமைப்புகள் 2017-இல் உயர் பிரஷர் என்பதற்கான எல்லைக்கோட்டையே 130/80-க்கு இறக்கின. அவர்களுடைய 2025 பதிப்பில், 130-களில் இருக்கும் ஆபத்து குறைந்தவர்களுக்குத்தான் அந்த 3 முதல் 6 மாத அவகாசம்; 140/90-க்கு மேல் எல்லோருக்கும் மாத்திரை. ஆக, எந்தப் புத்தகத்தை டாக்டர் கையில் வைத்திருக்கிறார் என்பதைப் பொறுத்து ஒரே ரிப்போர்ட்டுக்கு வெவ்வேறு பதில் வரும். போன ஆள் மூன்று மாதம் கழித்துத் திரும்பி வருவாரா என்பதில் டாக்டருக்கு இருக்கும் சந்தேகமும் அந்தப் பதிலில் கலந்திருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

முதலில் அந்த எண் நிஜமா?

மாத்திரையா நடையா என்று யோசிப்பதற்கு முன்னால் செய்ய வேண்டியது இது. பெரும்பாலும் விட்டுப்போவதும் இதுதான். மாடிப்படி ஏறி, டோக்கன் வாங்கி, பெயர் கூப்பிட்டதும் எழுந்து ஓடி, உட்கார்ந்த அரை நிமிடத்தில் சட்டைக் கைக்கு மேலேயே பட்டையைச் சுற்றி, "சாப்பிட்டீங்களா, சுகர் இருக்கா" என்று கேள்வி கேட்டுக்கொண்டே பார்த்த எண்ணை வைத்து ஒருவருடைய அடுத்த முப்பது வருடத்தை முடிவு செய்யக் கூடாது. பேசிக்கொண்டே பார்த்தாலே சில புள்ளிகள் ஏறும். சிறுநீரை அடக்கிக்கொண்டிருந்தாலும் ஏறும். பருத்த கைக்குச் சின்னப் பட்டை போட்டாலும் இல்லாத பிரஷரைக் காட்டும். ஆஸ்பத்திரியில் அதிகமாகவும் வீட்டில் சரியாகவும் இருப்பவர்கள், உயர் எண் வந்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர்.

அதனால் மேல்கையில் கட்டும் டிஜிட்டல் கருவி ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். மணிக்கட்டில் கட்டுவது வேண்டாம், அதில் கையை வைக்கும் உயரம் கொஞ்சம் மாறினாலும் எண் மாறும். முதுகு சாய்ந்த நாற்காலியில், கால் இரண்டும் தரையில் படியும்படி, கால்மேல் கால் போடாமல், கையை மேஜைமேல் நெஞ்சு உயரத்துக்கு வைத்து ஐந்து நிமிடம் சும்மா உட்காருங்கள். போன் பக்கத்தில் வேண்டாம். அதற்கு முந்தைய அரை மணி நேரத்தில் காபி, டீ, சிகரெட் கூடாது. பட்டை வெறும் தோலில்தான் படவேண்டும். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தடவை பாருங்கள். காலையில் சாப்பிடும் முன், இரவில் படுக்கும் முன். இப்படி ஏழு நாள். முதல் நாள் எண்களை விட்டுவிடுங்கள், அது பழகும் நாள். மீதி ஆறு நாளில் 24 எண்கள் கிடைக்கும், அவற்றின் சராசரிதான் உங்கள் பிரஷர். பிடித்த எண்ணை மட்டும் எழுதிக்கொள்வது, அதிகமாக வந்தால் "இது தப்பு" என்று மறுபடி மறுபடி அழுத்துவது இரண்டுமே கூடாது.

வீட்டில் கோடு 135/85. இது ஆஸ்பத்திரியின் 140/90-க்குச் சமம். சராசரி இதற்குக் கீழே இருந்தால் இப்போதைக்கு மாத்திரை பற்றிய பேச்சு தேவையில்லை, சில மாதங்களுக்கு ஒருமுறை பார்த்தால் போதும். இதற்கு நேர் எதிரான ஆட்களும் உண்டு. ஆஸ்பத்திரியில் 130, வீட்டில் 145. புகைபிடிப்பவர்கள், வேலையழுத்தம் அதிகமுள்ளவர்களிடம் இதைப் பார்க்கலாம். இவர்கள் செக்கப்பில் தப்பிவிடுவார்கள், ஆனால் ரத்தக்குழாய் தப்பாது.

அந்த ஒரு வாரத்தில் இன்னொரு வேலையும் இருக்கிறது. வாயில் என்னென்ன போகிறது என்று பாருங்கள். முழங்கால் வலிக்குத் தினமும் டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போடுகிறவர்களுக்கு அதனாலேயே பிரஷர் ஏறும். மூக்கடைப்புக்கு வாங்கும் ஜலதோஷ மாத்திரை, ஸ்டீராய்டு, சிலருக்குக் கருத்தடை மாத்திரை, அடிக்கடி கலக்கிக் குடிக்கும் சோடா உப்பு எல்லாமே இந்தப் பட்டியலில் வரும். நாட்டு மருந்துக் கடை அதிமதுரமும் வரும். இருமலுக்கு நல்லது என்று மாதக்கணக்கில் கஷாயம் போட்டுக் குடித்தால், அது உடம்பில் உப்பைத் தங்கவைத்துப் பொட்டாசியத்தை வெளியேற்றி பிரஷரை ஏற்றும். மூலிகைதானே என்று டாக்டரிடம் சொல்லாமல் விட்டுவிடாதீர்கள். பலத்த குறட்டை, இரவு முழுக்கத் தூங்கியும் பகலில் தூக்கம் என்றால் அதையும் சொல்லுங்கள். தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருபவர்களுக்குப் பிரஷர் இறங்குவது கஷ்டம்.

ஒரே 144/92, இரண்டு பேர்

சராசரி நிஜமாகவே அதிகம் என்று வைத்துக்கொள்வோம். அடுத்து அந்த எண் யாருடைய உடம்பில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். 42 வயது ஆசிரியை. சர்க்கரை இல்லை, புகை இல்லை, கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை) சரி, சிறுநீரில் அல்புமின் என்ற புரதம் போவதில்லை, எடை மட்டும் எட்டு கிலோ கூடுதல். இன்னொருவர் 54 வயது, லாரி புக்கிங் ஆபிஸ் நடத்துகிறார். எட்டு வருடமாகச் சர்க்கரை, சிகரெட் விடவில்லை, கொழுப்பும் அதிகம். இருவருக்கும் வீட்டுச் சராசரி 144/92.

மேல் எண்ணை 10 புள்ளி குறைத்தால் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறையும் என்பது பெரிய ஆய்வுத் தொகுப்புகளில் கிடைத்த கணக்கு. கணக்கு ஒன்றுதான், பலன் ஒன்றல்ல. உதாரணத்துக்கு, ஆசிரியையைப் போன்ற 100 பேரில் அடுத்த பத்து வருடத்தில் 5 பேருக்கு அப்படி ஏதாவது வரலாம் என்றால், மாத்திரையால் அது 4 ஆகும். லாரி ஆபிஸ்காரரைப் போன்ற 100 பேரில் 25 பேருக்கு வரலாம் என்றால் அது 20 ஆகும். ஒரு பக்கம் ஒருவர் தப்பிக்கிறார், இன்னொரு பக்கம் ஐந்து பேர். லாரி ஆபிஸ்காரர் மூன்று மாதம் காத்திருப்பதில் எந்த நியாயமும் இல்லை. ஆசிரியைக்கு நியாயம் இருக்கிறது.

ஆய்வுகளும் கிட்டத்தட்ட இதையே சொல்கின்றன. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து அலசும் காக்ரேன் அமைப்பின் 2012 தொகுப்பு, இதயநோய் இல்லாத, 140-159 வரம்பில் இருந்த ஏறக்குறைய 9,000 பேரின் தரவைப் பார்த்தது. நான்கைந்து வருடத்தில் மருந்து உயிரிழப்பைக் குறைத்தது என்று அதனால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. பக்கவிளைவால் மருந்தை நிறுத்தியவர்கள் 9 சதவீதம். 2016-இல் வந்த ஹோப்-3 ஆய்வில் நடுத்தர ஆபத்துள்ள 12,705 பேர் இருந்தார்கள். மொத்தமாகப் பார்த்தால் பிரஷர் மருந்தால் பலன் தெரியவில்லை. ஆனால் ஆரம்பத்தில் மேல் எண் 143.5-க்கு மேல் இருந்த மூன்றில் ஒரு பங்கினருக்குப் பலன் தெரிந்தது. பிறகு 2021-இல் லான்செட் இதழில் வந்த தொகுப்பு, 48 ஆய்வுகள், சுமார் 3.45 லட்சம் பேர். 5 புள்ளி குறைந்தாலே பெரிய இதய, மூளைப் பாதிப்புகள் 10 சதவீதம் குறைகின்றன, ஆரம்ப எண் குறைவாக இருந்தவர்களுக்கும்கூட.

இவற்றைப் படித்துவிட்டு "லேசான பிரஷருக்கு மாத்திரையே வேண்டாம்னு ஆராய்ச்சி சொல்லுது" என்று வாட்ஸ்அப்பில் அனுப்புகிறவர்கள் காக்ரேனோடு நின்றுவிடுகிறார்கள். 42 வயதுக்காரருக்கு நான்கைந்து வருடம் என்பது மிகச் சின்னக் காலம். ரத்தக்குழாய் கெட்டிப்படுவது, இதயச் சுவர் தடிப்பது, சிறுநீரகம் கசியத் தொடங்குவது எல்லாம் பல வருடம் சத்தமில்லாமல் நடப்பவை. இந்திய, இலங்கை வம்சாவளியினருக்கு மாரடைப்பு மற்றவர்களைவிடச் சீக்கிரமே வருவதும் தெரிந்ததுதான். இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது: ஆபத்து குறைந்தவருக்கு அவசரம் இல்லை, அவ்வளவுதான். தேவையே இல்லை என்று அர்த்தமாகாது.

மாத்திரை எப்படிப்பட்டது

நம் ஊரில் பொதுவாகத் தொடங்குவது அம்லோடிபின் அல்லது டெல்மிசார்டன். சில நேரம் குளோர்தாலிடோன் போல, சிறுநீர் வழியே உப்பை வெளியேற்றும் மருந்து. ஒரு மாத்திரை சராசரியாக மேல் எண்ணை 9, கீழ் எண்ணை 5 புள்ளி இறக்கும். இரண்டிலிருந்து நான்கு வாரத்தில் பலன் தெரிந்துவிடும். 144-இல் இருப்பவருக்கு ஒரே மாத்திரை போதுமாக இருப்பது இதனால்தான். செலவும் பெரிதில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்தும் கொடுக்கிறார்கள்.

பக்கவிளைவு உண்டு, ஆனால் ஊர்ப் பேச்சில் வருவதும் நிஜத்தில் வருவதும் வேறு வேறு. அம்லோடிபினால் கணுக்கால் வீங்கலாம், 5-ஐவிட 10 மில்லிகிராமில் அதிகம். எனலாப்ரில் வகையில் வறட்டு இருமல். டெல்மிசார்டன் தொடங்கிய சில வாரத்தில் பொட்டாசியமும் கிரியேட்டினினும் பார்க்க வேண்டும். கர்ப்பிணிகளும் குழந்தைக்குத் திட்டமிடுகிறவர்களும் அதை எடுக்கக் கூடாது. உப்பை வெளியேற்றும் மருந்தில் வயதானவர்களுக்குச் சோடியம் இறங்கிக் குழப்பம், தள்ளாட்டம் வரலாம். ஒன்று ஒத்துக்கொள்ளாவிட்டால் இன்னொரு வகைக்கு மாற வழி இருக்கிறது. பேசாமல் நிறுத்திவிடுவதுதான் பிரச்சினை.

"பிரஷர் மாத்திரை கிட்னியைக் கெடுக்கும்" என்று சொல்லாத உறவினர் இல்லை. கிட்னியைக் கெடுப்பது பிரஷர். சர்க்கரையோடு சிறுநீரில் அல்புமினும் போகிறவர்களுக்கு டெல்மிசார்டன் வகை மருந்தைக் கொடுப்பதே கிட்னியைக் காப்பாற்றத்தான். "ஆரம்பிச்சா விட முடியாது" என்பதிலும் பாதிதான் உண்மை. நிறுத்தினால் பிரஷர் பழைய இடத்துக்குத் திரும்பும், காரணம் உள்ளே அப்படியே இருப்பதால். அது அடிமைத்தனம் கிடையாது. எடை நன்றாகக் குறைந்து எண் இறங்கிய பிறகு மாத்திரையைக் குறைத்தவர்களும் விட்டவர்களும் இருக்கிறார்கள். காலையில் போடுவதா இரவில் போடுவதா என்ற சந்தேகத்துக்கும் பதில் கிடைத்துவிட்டது. பிரிட்டனில் 21,000 பேருக்கு மேல் கலந்துகொண்ட டைம் ஆய்வில் (2022) வித்தியாசம் இல்லை. மறக்காத நேரம் எதுவோ, அதுவே நல்ல நேரம்.

மாத்திரையின் உண்மையான பலவீனம் வேறு. அது எண்ணை மட்டும் இறக்கும்; தொப்பையையும் சர்க்கரையையும் தொடாது. "மாத்திரை போட்டாச்சு" என்ற தைரியத்தில் ஊறுகாய் திரும்பத் தட்டுக்கு வரும். உப்பு அதிகமானால் டெல்மிசார்டன் வேலை செய்வதும் மந்தமாகும், அப்புறம் டோஸ் ஏறும்.

உப்பும் நடையும் எவ்வளவு இறக்கும்

வாழ்க்கைமுறை மாற்றம் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வதால்தான் யாரும் அதை மருந்தாக நினைப்பதில்லை. அதற்கும் டோஸ் உண்டு. எடையில் ஒரு கிலோ குறைந்தால் ஏறக்குறைய ஒரு புள்ளி. வாரம் ஐந்து நாள், முப்பது நிமிட வேக நடை சராசரியாக 5 புள்ளி போல இறக்கும். தினமும் குடிப்பவர் விட்டால் 4 புள்ளி போல. காய், பழம், பயறு, கொழுப்பு குறைந்த பால் நிறைந்த டாஷ் உணவுமுறை 1997-இல் அமெரிக்காவில் சோதிக்கப்பட்டபோது, உயர் பிரஷர் இருந்தவர்களுக்கு மேல் எண் 11 புள்ளி இறங்கியது. ஒரு மாத்திரைக்குச் சமம். ஆனால் அந்த ஆய்வில் சாப்பாட்டை ஆய்வாளர்களே சமைத்துக் கொடுத்தார்கள். நம் அடுப்படியில் அதில் பாதி வந்தாலே பெரிய விஷயம். எல்லாவற்றையும் கூட்டி 25 புள்ளி என்று கணக்குப் போடவும் கூடாது. ஒன்றோடு ஒன்று சேரும்போது மொத்தம் அதைவிடக் குறைவாகத்தான் இருக்கும்.

தமிழ்ச் சமையலில் முதலில் கை வைக்க வேண்டியது உப்பில்தான். ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூன் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. தினமும் யார் அளந்து போடுவது? பாக்கெட்டைப் பாருங்கள். நாலு பேர் வீட்டில் ஆளுக்கு 5 கிராம் என்றால் ஒரு நாளைக்கு 20 கிராம். ஒரு கிலோ உப்பு 50 நாள் வரவேண்டும். எங்கள் வீட்டில் உப்புப் பாக்கெட்டைப் பிரிக்கும்போது அதன்மேல் தேதியை எழுதிவிடுகிறோம். ஒரு மாதத்துக்குள் தீர்ந்தால், சமையலில் மட்டுமே ஆளுக்கு 8 கிராமைத் தாண்டுகிறது என்று அர்த்தம். கடையில் வாங்கும் அப்பளம், ஊறுகாய், மோர் மிளகாய், கருவாடு, மிக்சர், பிஸ்கட், ஹோட்டல் சாம்பார் எல்லாம் இதில் சேராத உப்பு.

நம் சாப்பாட்டில் ஒரே வேளையில் உப்பு பல இடத்தில் இருக்கிறது. குழம்பில், ரசத்தில், பொரியலில், மோரில் என்று தனித்தனியாக விழுகிறது. சோறு அதிகமாக இருப்பதால் குழம்பும் காரசாரமாக, உப்பாக வேண்டியிருக்கிறது. எங்கே குறைத்தால் நாக்குக்குத் தெரியாது என்று பார்த்துக் குறைப்பதுதான் வழி. இட்லி மாவில் உப்பு இருக்கும்போது சட்னியில் பாதி போதும். பொரியலில் பாதியாக்கித் தேங்காயும் எலுமிச்சையும் சேர்க்கலாம். மோருக்கு உப்பே வேண்டாம், இஞ்சியும் கறிவேப்பிலையும் போதும். தட்டில் ஊறுகாய்க்கென்று இருக்கும் மூலையைக் காலியாக விடுங்கள். சில வாரத்தில் நாக்கு பழகிவிடும். பழகிய பிறகு கல்யாணச் சாப்பாடு கரிக்கும்.

இந்துப்புக்கு மாறினால் போதும் என்பது பரவலான நம்பிக்கை. இந்துப்பும் பெரும்பாலும் சோடியம் குளோரைடுதான், பிரஷருக்குப் பெரிய வித்தியாசம் இல்லை. வித்தியாசம் காட்டியது பொட்டாசியம் கலந்த உப்பு. சீனாவில் 600 கிராமங்களில், ஏறக்குறைய 21,000 பேரிடம் நடந்த ஆய்வில் (2021), கால் பங்கு பொட்டாசியம் குளோரைடு கலந்த உப்பைப் பயன்படுத்தியவர்களுக்குப் பக்கவாதம் 14 சதவீதம் குறைந்தது. அவர்கள் எல்லோரும் ஏற்கெனவே பக்கவாதம் வந்தவர்கள் அல்லது பிரஷர் உள்ள, அறுபதும் அதற்கு மேலும் வயதானவர்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், டெல்மிசார்டன், எனலாப்ரில், ஸ்பைரோனோலாக்டோன் எடுப்பவர்களும் டாக்டரைக் கேட்காமல் இதைத் தொடக் கூடாது. பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பே குழம்பிவிடும்.

யார் காத்திருக்கலாம்

வீட்டுச் சராசரி 135 முதல் 149-க்குள், சர்க்கரை இல்லை, புகை இல்லை, சிறுநீரகம் சரி, இசிஜி சரி என்றால் நான் மூன்று மாத அவகாசத்தின் பக்கம். அதற்கு ஒரு நிபந்தனை: முடியும் தேதி முதல் நாளே காலண்டரில் இருக்க வேண்டும். அன்றைக்கு மறுபடியும் ஏழு நாள் கணக்கு. 135/85-க்குக் கீழே வந்திருந்தால் அப்படியே தொடரலாம், முடிந்தால் 130/80-க்குக் கீழே கொண்டுபோக வேண்டும். வரவில்லை என்றால் மாத்திரை. "இன்னும் ஒரு மூணு மாசம்" என்ற பேரம் அப்போது வேண்டாம், அந்தப் பேரத்தில்தான் வருடங்கள் போகின்றன. நன்றாக நடந்து, எடை குறைத்தும் எண் இறங்காதவர்கள் உண்டு. பரம்பரையும் வயதும் அவர்கள் கையில் இல்லை. அவர்களுடைய உழைப்பு வீணும் இல்லை, இரண்டு மாத்திரை தேவைப்பட்டிருக்கும் இடத்தில் ஒன்றோடு நிற்கும்.

சர்க்கரை, சிறுநீரகப் பாதிப்பு, ஏற்கெனவே மாரடைப்பு அல்லது பக்கவாதம், சிறுநீரில் அல்புமின், இசிஜியில் இதயச் சுவர் தடிப்பு, புகைப்பழக்கத்தோடு அதிகக் கொழுப்பு, இவற்றில் ஒன்று இருந்தாலும் காத்திருக்க வேண்டாம். சராசரி 150-களில் இருப்பவர்களுக்கும் மாத்திரையும் மாற்றமும் ஒன்றாகவே தொடங்கட்டும். அங்கிருந்து 135-க்கு உப்பும் நடையும் மட்டுமே கொண்டுவருவது அபூர்வம். நைட் ஷிப்ட், ஓட்டல் சாப்பாடு என்று அடுத்த மூன்று மாதம் எதையும் மாற்ற முடியாது என்று உங்களுக்கே தெரிந்தால், அதை டாக்டரிடம் வெளிப்படையாகச் சொல்லி மாத்திரையைத் தொடங்கிவிடுங்கள். நாற்பதுக்குக் கீழே இருப்பவர்கள் இரண்டில் எதைத் தேர்வு செய்தாலும், சிறுநீரகம், தைராய்டு, அட்ரினல் சுரப்பியில் காரணம் இருக்கிறதா என்று ஒருமுறை பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

மாத்திரையோடு தொடங்கி எடையும் குறைந்து, வீட்டில் 110-களில் வந்து எழும்போது தலை சுற்றுகிறது என்றால், டோஸைக் குறைக்கச் சொல்லி டாக்டரிடம் நீங்களே கேட்கலாம். அட்டெனலால் போன்ற மருந்துகளைத் திடீரென்று விடக் கூடாது, துடிப்பும் பிரஷரும் எகிறும். எதைக் குறைத்தாலும் அடுத்த இரண்டு மாதம் வாரத்தில் ஓரிரு நாள் அதே நாற்காலியில், அதே ஐந்து நிமிடம் உட்கார்ந்து பார்த்து எழுதுங்கள். சராசரி மறுபடி 135-ஐத் தொட்டால், அந்த நோட்டை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள்.